கட்டில் ஏன் கிறீச்சிடுகிறது?



மரக்கட்டிலில் புரண்டு படுக்கும்போது எழும் 'கிறீச்' என்ற சத்தத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பழைய கட்டில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிட, நாமும் பழகிவிடுகிறோம். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையுள்ள வீட்டில் அது சிறிய விடயம் அன்று. நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லன். எனினும் எங்கள் வீட்டுக் கட்டிலைத் திருத்தியபோது அறிந்தவற்றை உங்களுக்குச் சொல்வது பயனுடையது எனக் கருதுகிறேன்.

2021ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை பிற்போடப்பட்டு, 2022 மே 23ஆம் திகதியே ஆரம்பமானது. அதற்கு முந்திய மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அப்பரீட்சைக்குத் தோற்றவிருந்த என் அக்காவின் மகள், பின்னிரவில் எழுந்து படிப்பது என்று முடிவு செய்தாள். அவள் படுப்பது என் அம்மாவோடு, அம்மாவின் சீதனக் கட்டிலில். சற்று அசைந்தாலே அது சத்தமிடும். அம்மாவுக்கு ஒருமுறை விழிப்பு வந்தால் விடியும்வரை நித்திரை இல்லை. மூன்று நாள் எழுந்தவள் நான்காம் நாள் விட்டுவிட்டாள். பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை குறைந்துவிட்டது என்று வீட்டில் பேச்சு வந்தது. அவள் மறுமொழி சொல்லவில்லை. "நான் எழும்பினால் அம்மம்மாவுக்குப் பிறகு நித்திரை வராது, மாமா" என்று என்னிடம் தனியாகச் சொன்னபோதுதான் காரணம் விளங்கியது. புதுக்கட்டில் வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாத காலம் அது. ஆகவே இருந்த கட்டிலைத் திருத்துவது என்று தீர்மானித்தோம்.

சத்தம் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம். விஞ்ஞான பாடத்தில் உராய்வு பற்றிக் கற்றிருப்பீர்கள். அசையாதிருக்கும் இரு மேற்பரப்புகளை நகரச் செய்வதற்குத் தேவையான விசை, நகரத் தொடங்கிய பின் அவற்றை நகர்த்துவதற்குத் தேவையான விசையிலும் பெரும்பாலும் கூடியது. கட்டிலில் தளர்ந்த ஒரு பொருத்து இருந்தால், நாம் அசையும்போது அங்குள்ள இரு மரங்களும் முதலில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, பின்னர் சட்டென வழுக்குகின்றன, மீண்டும் பற்றுகின்றன. இது மிக விரைவாகத் திரும்பத் திரும்ப நிகழ்வதால் மரம் அதிர்கிறது. அந்த அதிர்வே சத்தம். வயலினின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இதே முறையில்தான்.

பொருத்து தளர்வதற்கும் காரணம் உண்டு. மரம் மாரியில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கோடையில் காய்ந்து சுருங்கும். நீளப்பாட்டில் இம்மாற்றம் மிகக் குறைவு, குறுக்குப்பாட்டில் அதிகம். ஆகவே பல ஆண்டுகள் பருத்துச் சுருங்கிய மரச்சட்டம், காலிலுள்ள துளைக்குள் இறுக்கமாக இருப்பதில்லை.

திருத்துவதற்கு முன் சத்தம் வரும் இடத்தைக் கண்டறிய வேண்டும். இதற்கு இருவர் தேவை. மெத்தையை எடுத்துவிட்டு, ஒருவர் ஒவ்வொரு மூலையையும் மெதுவாக அழுத்தி அசைக்க, மற்றவர் பொருத்தின் மீது கையை வைத்துப் பார்க்க வேண்டும். காதை விடக் கையே நம்பகமானது. ஏனெனில் சத்தம் சட்டம் முழுவதும் பரவிக் காதை ஏமாற்றும். மரங்கள் விலகி அசையும் இடத்தைக் கை உணர்ந்துவிடும். நான் அசைக்க, மருமகள் கையை வைத்துப் பார்த்தாள். தலைமாட்டில் வருவதாக நாங்கள் எண்ணியிருந்த சத்தம், கால்மாட்டின் இடப்பக்க மூலையில் பிறந்தது.

இடம் தெரிந்தால் பரிகாரம் எளிது. திருகாணி தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். துளையில் இடைவெளி இருந்தால் மெல்லிய மரச்சீவலில் மரப்பசை தடவிச் செருகி, பசை காயும்வரை கட்டிலை அசைக்காமல் விட வேண்டும். குறுக்குப் பலகைகள் சட்டத்தோடு உரசினால் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இடையில் வைக்கலாம். மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டாலும் போதும். நிலம் சமமில்லாமல் ஒரு கால் தூக்கி நின்றால், அதன் கீழ் மட்டைத் துண்டொன்றை மடித்து வைக்கலாம். தேங்காய் எண்ணெய் விடுவது நல்லதன்று. சத்தம் சில நாள் அடங்கினாலும் தளர்வு அப்படியே இருக்கும். எண்ணெய் ஊறிய மரத்தில் பின்னர் பசையும் ஒட்டாது. கண்ட இடத்தில் ஆணி அடித்தால் மரம் வெடிக்கக்கூடும்.

எங்கள் கட்டிலுக்கு ஒரு மரச்சீவலும் சிறிது பசையுமே தேவைப்பட்டன. அடுத்த நாள் இரவு மருமகள் எழுந்ததை, காலையில் மேசையில் விரித்துக் கிடந்த கொப்பியைக் கண்டுதான் அம்மா அறிந்தார்.

மாணவர்களே, "எனக்குக் கணிதம் வராது" என்று என்னிடம் சொல்வோர் பலர். முழுக் கட்டிலும் பழுது என்று சொல்வதைப் போன்றதே இது. கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து, பிழைத்த ஒவ்வொரு விடையிலும் எந்த வரியில் பிழைத்தது என்று பாருங்கள். பலருடைய கொப்பிகளில் நான் காண்பது, பின்னத்தைச் சுருக்குவதிலோ சமன்பாட்டில் குறியை மாற்றுவதிலோ உள்ள ஒரேயொரு தளர்வைத்தான். அந்த இடத்தை இறுக்கினால் அதனோடு தொடர்புடைய பல வினாக்கள் சரியாகிவிடும்.

மற்றுமொன்று. படிப்பதற்கு வீட்டில் ஏதேனும் இடையூறு இருந்தால் அதை மனத்துக்குள் வைத்திருக்காதீர்கள். வெளிச்சம் போதாது, மேசை ஆடுகிறது, தம்பி தூங்கும் அறையில் விளக்குப் போட முடியவில்லை என்பவற்றை வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாதவரை அது சோம்பல் என்றே மற்றவர்களுக்குத் தெரியும். சொல்லிவிட்டால், அரை மணித்தியாலத்தில் தீரக்கூடிய வேலையாகவும் அது இருக்கலாம்.