சூன்யமும் லயமும்

மூணாறில் பெய்யும் மழை முதிரைப்புழையாய் இறங்கி, பெரியாற்றில் கலந்து, காலடி வழியாகக் கடலுக்குப் போகிறது. உலகம் மாயை என்ற சங்கரர் பிறந்த ஊர் காலடி. அதே தண்ணீர் புறப்படும் மலையில், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுப்பவர்களுக்கு வீடும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. ‘எதுவும் எனதில்லை’ என்று அவர்களுக்கு யாரும் உபதேசிக்க வேண்டாம்.

*

அவர்கள் குடியிருக்கும் லயம், தோட்டக் கம்பெனியின் வீடு. குடும்பத்தில் ஒருவர் பேராவது தோட்டத்துக் கணக்கில் இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். அம்மா ஓய்வு பெறும்போது மகளோ மருமகளோ வேலைக்கு இறங்காவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். படித்த பிள்ளைகள் சிலர் மறுபடி தேயிலைக்குள் நுழைவது இதனால்தான்.

*

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு பக்கம் ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். கரண்டும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. வழியிலிருந்த பெரியவரைப் பாலமும் போயிருந்தது. குவி என்ற வளர்ப்பு நாய், தன்னோடு விளையாடிய குழந்தையை நாட்கணக்கில் தேடி, ஆற்றில் கிடந்த உடலைக் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் இரவு கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் விபத்துக்குள்ளானது. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. இதற்கு எந்த விளக்கம் சொன்னாலும் என் மனம் ஒப்பவில்லை.

*

பாலக்காட்டு எல்லையில் முதலமடை, கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி. சக்கிலியர் குடும்பங்கள். டீக்கடையில் தனி டம்ளர் என்ற புகார் 2017இலும் அங்கிருந்து எழுந்தது. ஒதுக்கியதாகச் சொல்லப்பட்டவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. எல்லை தாண்டினாலும் சாதியைக் கையோடு கொண்டுபோகிறோம்.

*

அட்டப்பாடி, 2018 பிப்ரவரி 22. மது என்ற பழங்குடி இளைஞரை, அரிசி திருடியதாகச் சொல்லிப் பிடித்தார்கள். கையைக் கட்டி, சாகும்படி அடித்தார்கள். நடுவில் செல்பி எடுத்தார்கள்.

இதை வெறி என்று சொல்லிவிட முடியாது. வெறி பிடித்தவன் போனை உயர்த்தி, தன் முகமும் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். எதிரே கட்டுண்டு நிற்பவன் ஓர் ஆளே இல்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவனுக்குத்தான் அந்த நிதானம் வரும். இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது.

*

காசியில் சங்கரர் ஒரு சண்டாளரை விலகச் சொன்னாராம். எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா ஆன்மாவையா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். சங்கரர் வணங்கினார் என்று கதை முடிகிறது. அன்று ராத்திரி அந்த மனிதர் எங்கே படுத்தார் என்று கதை சொல்வதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். துறப்பதற்கே ஒன்றும் இல்லாதவரிடம் போய்ச் சூன்யம் பேசுவது அநியாயம்.

*

2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியானபோது, தோட்டத்துப் பெண்கள் யூனியன்காரர்களை ஒதுக்கிவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்த இயக்கத்துக்குப் பேர் ‘பெம்பிளை ஒருமை’. ஒன்பதே நாளில் பழைய 20 சதவீதத்துக்குக் கம்பெனி இணங்கியது. வீடு மட்டும் இன்னும் கம்பெனியுடையது.

பெட்டிமுடியில் எல்லாம் இழந்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாரில் நிலமும் வீடும் கிடைத்தன. அதற்கு ஒரு மலை சரிய வேண்டியிருந்தது. ஓய்வு பெறும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் ஐந்து சென்ட் நிலமும் பட்டாவும் கேரள அரசு தர வேண்டும். அதை அடுத்த மழைக்கு முன்பே தர வேண்டும்.