பதினைந்து ஆம்பியர்

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை நோட்டன் பிரிட்ஜ் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைக் காட்டிக் கற்பிக்க வேண்டியதில்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்து எழுப்பிய அணை கண்ணெதிரே நிற்கிறது. அங்கே தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே சென்று, 1950ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. 1965இல் காசல்ரீ நீரைக் கொண்டு இயங்கும் 50 மெகாவாட் நிலையம் ஒன்றும் இங்கேயே அமைந்தது. இம்மலை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்கிட்டுக் காட்டிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

இத்தனை பெருமை வாய்ந்த ஊரில் நம் லயத்துக் காம்பராவுக்கு வந்து சேர்வது 15 ஆம்பியர்.

தமிழ் படித்துப் பட்டம் பெற்றுத் தமிழே கற்பிக்கும் நமக்கு ஆம்பியர்க் கணக்கு அண்மைக் காலம்வரை தெரியாது. மாலையில் கேத்தலும் சோற்றுக் குக்கரும் ஒருங்கே இயங்கும்போது உடுப்புக்கு இஸ்திரி போட்டால் வீடு இருண்டுவிடும். பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார்: 230 வோல்ட்டை 15ஆல் பெருக்கினால் 3,450 வாட். கேத்தலுக்கு 2,000, இஸ்திரிக்கு 1,000, குக்கருக்கு 700. தாங்குமா?

தாங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்துக் காம்பரா அக்கா கணவனை இழந்தவர். கொழுந்து பறித்து இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவருக்கு மீட்டர் இல்லை. நம் தந்தையார் காலத்தில் சுவரைத் துளைத்து இழுத்துக்கொடுத்த ஒரு வயரே அவர் வீட்டுக்கு வெளிச்சம்.

30 ஆம்பியர் பெறுவதென முடிவு செய்து மின்னிணைப்பாளர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கூரையடியில் ஏறிப் பார்த்துவிட்டு, பழைய வயர்களின் உறை விரலால் தொட்டதும் உதிர்வதைக் காட்டினார். "மெயின் சுவிட்ச் விழுகிறது என்று கோபப்படுகிறீர்கள், சார். அது விழுவதால்தான் வீடு எரியாமல் இருக்கிறது" என்றார். ஓட்டம் இருமடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். உள்ளே வயரை மாற்றாமல் சுவிட்சை மட்டும் பெரிதாக்கினால், சுவிட்ச் விழுமுன் வயர் பற்றிக்கொள்ளும். லயங்கள் எரிந்து பல குடும்பங்கள் ஒரே இரவில் நடுத்தெருவுக்கு வந்தன, மின்னொழுக்கே காரணம் என்று பத்திரிகைகளில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்கள்தாமே நாம்! எல்லாருக்கும் ஒரே கூரை என்னும்போது ஒரு காம்பராவின் பிழை அந்தக் காம்பராவோடு நிற்குமா?

புதிய வயர், நிலத்தொடுப்பு, கசிவு கண்டால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் ஆகிய அனைத்தும் வேண்டும் என்றார் அவர். சுவர் வழியே போகும் வயரை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இஸ்தோப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப வயர உருவிடுவீங்களா, தம்பி?"

நாம் விடை சொல்லவில்லை. மறுநாள் அவருக்கெனத் தனி மீட்டர் கேட்டு அலுவலகப் படியேறினோம். வீட்டின் உறுதியைக் கேட்டார்கள். உறுதி இல்லாவிட்டால் தோட்டத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்டக் கந்தோரிலோ, துரை வந்த பிறகு பார்ப்போம் என்றார்கள். நம்முடைய 30 ஆம்பியருக்கும் அதே கடிதம், அதே பதில். பட்டமும் ஆசிரியப் பதவியும் அங்கே செல்லவில்லை. நாமும் உறுதியில்லாக் காம்பராக்காரரே.

அப்போதுதான் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தோம். லக்சபான வெளிச்சம் 1950இல் பிறந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மலையில் உழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை தந்தது. தோட்டம் இத்தனை முறை கைமாறியும், மனிதர் குடிமக்களாகியும், நம் லயத்தின் சுவர் அதற்குள் வாழ்பவர் பெயருக்கு வரவில்லை. சுவர் நமதல்லாதபோது அதில் மீட்டர் பொருத்தவும் இன்னொருவர் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் தனியே விண்ணப்பிப்பதை நிறுத்தினோம். லயத்தின் பன்னிரண்டு காம்பராக்காரரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டோம். வீட்டுக்கொரு மீட்டர், பழுதற்ற வயர், அவற்றுக்கு அடிப்படையாக வீட்டுறுதி என்பனவே கோரிக்கைகள். கடிதத்தை எழுதியது நாம். முதற் கையொப்பம் அக்காவினுடையது. மின்னிணைப்பாளர் கூலி வாங்காமல் பன்னிரண்டு கூரைகளையும் பார்த்துக் குறிப்பெழுதித் தந்தார். மாணவர் இருவர் அதைப் பிரதி செய்தனர்.

பதில் இன்னும் வரவில்லை. சுவர் வழியே போகும் வயரை நல்லதாக மாற்றி, அதற்கெனச் சிறு ட்ரிப் சுவிட்ச் ஒன்றும் பொருத்தியிருக்கிறோம். இது முறையான தீர்வன்று. பதில் வரும்வரை தீயைத் தள்ளி வைக்கும் வழி மட்டுமே. மாலை ஆறு முதல் எட்டு வரை நம் வீட்டில் இஸ்திரியும் கேத்தலும் தொடப்படுவதில்லை. அது சுவருக்கு அப்பால் இரு பிள்ளைகள் படிக்கும் நேரம்.