பையா, கருவியா, முட்டையா

பூ வயலில் இறங்கியதும் முதலில் தீர்ந்துபோவது பையில் உள்ள இடம்தான். ரோப்லாக்ஸில் ‘பீ ஸ்வார்ம் சிமுலேட்டர்’ ஆடத் தொடங்கும் எவருக்கும் கையில் ஒரு சின்னக் கரண்டி, முதுகில் 200 மகரந்தம் மட்டுமே கொள்ளும் ஒரு பை, கூட்டில் ஒற்றைத் தேனீ. சூரியகாந்தி வயலில் கொஞ்சம் சுற்றுவதற்குள் பை நிறைந்துவிடும். கூட்டுக்கு ஓடி, தேனீ அதைத் தேனாக்கும்வரை நின்று, திரும்ப வயலுக்கு ஓட வேண்டும். அந்தத் தேன்தான் காசு. பை, கருவி, முட்டை எல்லாமே அதைக் கொடுத்துத்தான். ஓனெட் என்ற பெயரில் அறியப்படும் வடிவமைப்பாளர் 2018இல் வெளியிட்ட ஆட்டம் இது. குழந்தைகளுக்கானது என்று பலரும் கடந்து போகிறார்கள். அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வியை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு நாள் மனதுக்குள் ஓடவிடும் இன்னொரு ஆட்டம் எனக்குத் தெரியாது.

ஊரடங்கு நாட்களில் தம்பி மகள்தான் இதற்குள் கூட்டிப்போனாள். அவள் வேறு ஊரில், நான் வேறு ஊரில். போன் ஸ்பீக்கரில் கிடக்கும், இருவரும் ஒரே வயலில் ஓடிக்கொண்டிருப்போம். கடைக்குப் போனால் அவளுக்குக் கண் போவது முகமூடிகள் மேல், தொப்பிகள் மேல். “அத்தே, இது எவ்ளோ அழகா இருக்கு பாருங்க” என்பாள். நான் அவளிடம் நேரத்தைப் பார்க்கச் சொன்னேன். பை நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, அதைத் தேனாக மாற்ற எவ்வளவு நேரம் கூட்டின் முன்னால் நிற்கிறாய், நடையில் எவ்வளவு போகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் கடைக்காரரிடம் எதைக் கேட்பது என்பது தானே வந்துவிடும். போன வேகத்தில் நிறைந்து திரும்பி வருகிறாய் என்றால் பெரிய பை. வயலிலேயே வெகுநேரம் கிடக்கிறாய் என்றால் கருவி, அல்லது இன்னும் தேனீக்கள். கூட்டின் முன்னால் நின்று கால் வலிக்கிறது என்றால் நிச்சயம் தேனீக்கள். மாற்றிக் கொடுப்பவை அவைதானே. எங்கே காத்திருக்கிறாயோ அங்கே செலவு செய். அவள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எனக்கு இது ஆட்டத்தில் பிறந்த யோசனை இல்லை. குலசேகரத்துப் பக்கம் பெரியப்பாவின் ரப்பர் தோட்டத்தில் தேன் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு காலின் மேல், காலடியில் எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை மொத்தமும் கொட்டி, புதுத் தளிர் விடும். வெளியூர்க்காரர்கள் ரப்பர் பூவிலிருந்து தேன் வருகிறது என்று நினைப்பார்கள். இல்லை. மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. தளிர் முதிரும்போது அங்கேயிருந்து இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் அதைத்தான் அள்ளும். அந்த வரத்து சில வாரங்கள்தான். அந்த வாரங்களில், தேன் சேர்க்க மேலே அடுக்கும் மேலறை இல்லாத பெட்டிக்கு, நிறைந்த பையோடு வயலில் நிற்கும் ஆட்டக்காரரின் கதிதான்: வெளியே வரத்து இருக்கிறது, உள்ளே வைக்க இடமில்லை.

அதற்காக முன்கூட்டியே மேலறையைத் தூக்கி வைத்துவிடவும் முடியாது. கீழறையில் கூட்டம் பெருகி, அடை கட்டும் சட்டங்கள் எல்லாவற்றையும் தேனீ மூடி நிற்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் மெழுகு அந்துப்பூச்சி வந்து குடியேறிவிடும். பெரியப்பா மூடியைத் திறந்து பார்த்து, “இன்னும் ஈ காணாது மக்களே” என்று மூடிவிடுவார். ஈ பெருகின பிறகுதான் இடம். ஆட்டத்திலும் நாலைந்து தேனீயோடு பெரிய பையை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரப்பவும் நேரம், மாற்றவும் நேரம்.

ஆகவே தொடக்கத்தில் முட்டை என்பது என் முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிப்படை முட்டையின் விலை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஏறும், உண்மைதான். ஆனாலும் முட்டை தருவதை வேறு எந்தப் பொருளும் தராது. ஒரு தேனீ கூடினால் சேகரிப்பும் கூடும், மாற்றமும் கூடும். அதைவிட, 5 தேனீ இருந்தால் ஒரு வாயில் திறக்கும், 10 இருந்தால் இன்னொன்று, 15 இருந்தால் அடுத்தது. வாயிலுக்கு அப்பால் செழித்த வயல்கள், நல்ல கடைகள். முதல் கடையில் இருக்கும் கருவிகளை வரிசையாக ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டு போவது தேவையில்லை. கரண்டியிலிருந்து ரேக், ரேக்கிலிருந்து கத்தரி, பிறகு காந்தம், பிறகு வாக்குவம் என்று படி வைத்திருக்கிறார்கள். ஒரு படியில் நிற்கும்போது கேட்க வேண்டியது: இதை வாங்கினால், இதற்கு மேலே உள்ளதற்குச் சேர்க்கும் காலத்துக்குள் இதன் விலையை இது சம்பாதித்துக் கொடுத்துவிடுமா? கொடுக்கும் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் தாண்டிப் போகலாம். தம்பி மகள் இந்தக் கணக்கைப் பள்ளிக் கணக்கைவிட வேகமாகப் போட்டாள்.

இந்தப் படிகளைப் பற்றி நினைக்கும்போது, உண்மையான தேனீ வளர்ப்பும் இப்படித்தான் படிப்படியாக ஏறியது என்று தோன்றும். பிலடெல்ஃபியாவில் வாழ்ந்த பாதிரியார் லாங்ஸ்ட்ராத், 1851இல் ஒன்றைக் கவனித்தார். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் விட்டால் தேனீ அதில் அடை கட்டாது, பிசினால் அடைக்கவும் செய்யாது, நடைபாதையாக விட்டுவிடும். அதனால் சட்டத்தைக் கையால் தூக்கலாம், பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். அதுவரை பல ஊர்களில் தேன் எடுப்பது என்றால் கூட்டையே அழிப்பது. ஆனால் சட்டம் வந்த பிறகும் அடையைத் தேனீ கோணலாகக் கட்டினால் தூக்க முடியாது. 1857இல் ஜெர்மனியில் மேரிங் அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தகடு செய்தார். அதைச் சட்டத்தில் பொருத்தினால் தேனீ நேராகக் கட்டும். அப்புறம் தேனை எடுக்க அடையைப் பிழிந்தால் அடை போய்விடுகிறதே என்ற தடை. 1865இல் ஹ்ருஷ்கா, சட்டத்தை உருளைக்குள் சுழற்றித் தேனை மட்டும் தெறிக்கவைக்கும் இயந்திரத்தைக் காட்டினார். பதினான்கு ஆண்டுகளில் மூன்று கருவிகள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையது தீர்த்த இடத்துக்கு அடுத்து எங்கே வழி அடைத்ததோ அங்கே வந்து நின்றது. வரிசையை மாற்றிப் பாருங்கள்: தூக்கக்கூடிய சட்டமே இல்லாத காலத்தில் சுழற்றும் இயந்திரத்துக்கு என்ன வேலை?

மெழுகு சுரக்கத் தேனீ நிறையத் தேனைத் தின்ன வேண்டும். வெறும் அடையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தேன் மிச்சம். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், பெரியப்பா தேன் சுழற்றும் தகர டிரம்மைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. டிரம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து வீடுகள் சேர்ந்து வாங்கியது. வாரத்துக்கு ஒரு நாள் கை மாறிவரும், பெரியம்மா வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்ப்பார். சில நாள் மட்டும் ஓடும் பொருளுக்குத் தனியாகப் பணம் போடாமல், அந்தப் பணத்தில் இரண்டு பெட்டி கூடுதலாக வைத்தார். எங்கள் பெட்டிகளும் அளவில் சின்னவை. லாங்ஸ்ட்ராத் பெட்டி மேல்நாட்டுத் தேனீயின் பெருங்கூட்டத்துக்கு. நம் ஊர் இந்தியத் தேனீக்கு அது மாளிகை. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நூறு வருஷத்துக்கு முன்பே நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். அவர் பெயரிலேயே அது நிலைத்துவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏவின் கிராம மையம் தேனீ வளர்ப்பை வீடு வீடாகக் கொண்டுபோனது. பெரிது என்பதாலேயே ஒரு கருவி உயர்ந்தது ஆகிவிடாது. எந்தத் தேனீ அதில் குடியிருக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆட்டத்தின் நடுப்பகுதியில் இதே கேள்வி வேறு உடுப்பில் வரும். தேனீக்களில் சிவப்பு, நீலம், நிறமற்றது என்று மூன்று வகை. வயல்களுக்கும் நிறச்சாய்வு உண்டு: காளானும் ரோஜாவும் சிவப்பு, மூங்கிலும் பைன் மரமும் நீலம், அன்னாசியும் பூசணியும் வெள்ளை. முகமூடிகளும் அப்படியே. குமிழி முகமூடி நீலக் கூட்டுக்கு, நெருப்பு முகமூடி சிவப்புக் கூட்டுக்கு. மேலே போனால் வைர முகமூடி, டீமன் முகமூடி, கம்மி முகமூடி என்று பிரிவு இன்னும் கூர்மையாகிவிடும். கூட்டில் பாதி சிவப்பும் பாதி நீலமும் வைத்துக்கொண்டு விலை உயர்ந்த நீல முகமூடியை வாங்கினால், அதன் பலன் பாதிக் கூட்டுக்குத்தான். ராயல் ஜெல்லி கொடுத்துத் தேனீயின் வகையை மாற்றலாம். அந்தச் செலவை முகமூடிக்கு முன்னால் வைப்பதுதான் சரி. முதலில் 25 அறைகள் கொண்ட, பிறகு 50 வரை நீட்டிக்கக்கூடிய கூட்டை ஒரு நிறத்தின் பக்கம் சாய்த்த பின்னர், அந்த நிறத்துக்கான பொருட்கள் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும். தம்பி மகள் நீலத்தைத் தேர்ந்தாள். குமிழி வெடிக்கும் சத்தம் பிடித்திருக்கிறது என்றாள். அதுவும் நல்ல காரணம்தான். வருஷக்கணக்கில் கேட்கப் போகிற சத்தம்.

அந்த நிலையில் பெரிய விலைகள் வரும். போர்சலின் டிப்பர் என்ற கருவி 15 கோடித் தேன், போர்சலின் போர்ட்-ஓ-ஹைவ் பை 25 கோடி. எண்ணைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் மலையுச்சிக் கடைவரை வந்தவர்களுக்கு இது வெறும் சேமிப்பு. நடுவில் வேறு எதையும் தொடாமல் இருக்கும் கட்டுப்பாடுதான் வேண்டியது. இதில் எதை முதலில் என்று கேட்டால், நான் டிப்பர் பக்கம். அந்தக் கட்டத்தில் கூட்டில் தேனீ நிறைய, பையும் ஓரளவு பெரிது, ஆனால் வயலில் வாரும் வேகம் குறைவு. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அதுதான் தெரியும். வேறு ஒருவரின் கூட்டில் வேறு மாதிரித் தெரியலாம், அப்போது பைதான் சரி.

பெரியப்பாவின் தோட்டத்துக்குத் திரும்புவோம். 1991, 92இல் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. வைரஸ். புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன் தோலுக்குள் நீர் கட்டிப் பை மாதிரித் தொங்கிச் சாகும். குமரி மாவட்டத்தில் கூட்டங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. பெரியப்பாவின் வீட்டுத் திண்ணையில் பெட்டிகள் அடுக்காக ஏறின: சட்டம் இருந்தது, புகை போடும் கருவி இருந்தது, டிரம் இருந்தது, முகவலை ஆணியில் தொங்கியது. அவர் அவற்றை விற்கவில்லை. மரப்பொந்துகளிலும் பாறை இடுக்கிலும் தப்பிப் பிழைத்த கூட்டங்களைத் தேடிப் போனார், நோய் தாங்கி நின்றதை மட்டும் கொண்டுவந்து குடிவைத்தார், அதைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். கையில் காசு வந்த முதல் வருஷம் எல்லோரும் புதுப் பெட்டி வாங்குவார் என்று நினைத்தோம். அவர் இன்னொரு நல்ல கூட்டம் வாங்கினார். முட்டை வாங்கு என்று குழந்தையிடம் நான் அழுத்திச் சொன்னபோது என் குரலில் இருந்தது அந்தத் திண்ணைதான்.

மழைக்காலத்தில் அவர் தச்சு வேலை பார்ப்பார். ஜனவரி வரத்துக்கான மேலறைகள், சட்டங்கள் எல்லாம் அக்டோபர், நவம்பரிலேயே தயார். தளிர் விட்ட பிறகு பலகை அறுக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும் என்பார். ஆட்டத்தின் உச்சிப் பொருட்களுக்கும் இதே விதி. அங்கே தேன் மட்டும் கொடுத்தால் போதாது. பசை, எண்ணெய், என்சைம், சிவப்புச் சாறு, நீலச் சாறு எல்லாம் கேட்கும். அவற்றை ஆட்டத்தில் உள்ள பிளெண்டர் இயந்திரத்தில் செய்ய வேண்டும். ராயல் ஜெல்லியோடு அன்னாசி சேர்ந்தால் என்சைம், சூரியகாந்தி விதை சேர்ந்தால் எண்ணெய், கம்டிராப் சேர்ந்தால் பசை. ஒவ்வொன்றும் நேரம் பிடிக்கும். தேன் சேர்ந்த பிறகு பிளெண்டர் பக்கம் போகிறவர்கள், கோடிகளை வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பார்கள். சேர்க்கும்போதே அதை ஓடவிட வேண்டும், ஆள் திரையில் இல்லாத நேரத்திலும் அது ஓடும். தம்பி மகள் இப்போது பள்ளிக்குக் கிளம்பும் முன் பிளெண்டரில் போட்டுவிட்டுத்தான் போகிறாள். எதை முதலில் போடுவது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. எண்ணெய்தான் எப்போதும் குறைகிறது என்கிறேன் நான். கம்டிராப்பை வேறு எதற்கோ செலவழித்துவிடுவதால் பசைதான் முதலில் என்கிறாள் அவள்.