சாவி யாரிடம்?

கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது வட மாநிலங்களில் பல குடும்பங்களுக்கு இன்னமும் கௌரவம். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அப்படிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2019ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. புனேயில் ஒரு ரைஃபிள் கிளப்பின் சுடுதளத்தில் ஞாயிறு காலை நின்று பார்த்தால், இதுவும் அதே நாடுதானா என்று சந்தேகம் வரும். பேச்சே இல்லை. குழல் இலக்கின் பக்கமே இருக்கிறது. சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நாடா. உள்ளே தோட்டா இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. 'ஸ்டாப்' என்ற குரல் கேட்டால், விசையைப் பாதி அழுத்திய விரலும் வெளியே வந்துவிட வேண்டும்.

இங்கு வருபவர்களில் ஒரு தணிக்கையாளர். வயது நாற்பத்தைந்து. காற்றுத் துப்பாக்கியில் ஆரம்பித்தவர். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் உரிமம் வேண்டாம். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் பத்துப் புள்ளி தரும் இடத்தின் அகலம் அரை மில்லிமீட்டர். போட்டி என்றால் 75 நிமிடங்களில் 60 முறை அதைத் தேட வேண்டும். சுடுபவரின் நாடித்துடிப்புகூடக் குழல் முனையில் தெரியும். முதல் ஓராண்டு அவர் கற்றது சுடுவதை அல்ல, நிற்பதை.

2024ல் கோலாப்பூர் மாவட்டத்தின் ஸ்வப்னில் குசாலே பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்றார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அதற்கு முன்பே தணிக்கையாளருக்கும் .22 ரைஃபிள் ஆசை பிடித்திருந்தது. அதற்கு 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. சட்டத்தில் ஒரு விநோதம்: ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்கிற வரம்பு, அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 ரைஃபிளுக்குக் கிடையாது. அவருக்கோ ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை. காக்கிச் சட்டை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு, அந்த வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

மனைவி எதிர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "சாவி யாரிடம் இருக்கும்?"

திருடனைப் பற்றிய பயம் அல்ல அது. பதினெட்டு வயது மகன் மருத்துவ நுழைவுத் தேர்வில் ஒருமுறை தவறியிருந்தான். சில வாரங்களாகச் சாப்பாட்டுக்கு எல்லோருடனும் வந்து உட்காருவதில்லை. போல்ட்டைக் கழற்றித் தனியே பூட்டலாம், தோட்டாக்களை வேறொரு அலமாரியில் வைக்கலாம் என்று கணக்குச் சொன்னார் கணவர். "இந்த வீட்டில் அவனுக்குத் தெரியாத அலமாரி எது?" என்றார் மனைவி. மருத்துவச் சான்று விண்ணப்பிப்பவரின் மனநிலைக்குத்தான். அடுத்த அறையில் இருப்பவனுக்கு யார் சான்று தருவது?

அவருக்கு வருத்தம்தான். ஆசைப்பட்டு வாங்கிய பொருள் வீட்டுக்கு வரக் கூடாதென்றால் யாருக்குத்தான் வராது? மகனைச் சந்தேகிப்பதாகிவிடுமே என்ற கூச்சமும் இருந்தது. அவனிடம் காரணம் எதுவும் சொல்லாமல், ரைஃபிளைக் கிளப்பின் ஆயுத அறையிலேயே வைத்துவிட்டார். உரிமப் புத்தகம் மட்டும் வீட்டில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுட வேண்டுமென்றால் பதினாலு கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போக வேண்டும். மழைக் காலத்தில் பல வாரங்கள் போவதே இல்லை. ஐம்பது மீட்டரில் அவர் பெறும் புள்ளிகளும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

மகன் இப்போது நாசிக்கில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். முன்பைவிடக் கொஞ்சம் பேசுகிறான். இனி ரைஃபிளை வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்று கிளப் செயலாளர் கேட்டார்.

"தீபாவளிக்கு வருவானே" என்றார் தணிக்கையாளர்.