மூத்த கணிப்பொறியின் நோய்நாடல்

மாடமும் மதிலும் போலவே பொறிகளுக்கும் மூப்பு உண்டு. மூத்த பொறியை ஒதுக்கி எறிதல் எளிது. அதனுள் அடங்கிய அறிவுச் செல்வத்தைக் காத்தலே அரிது. நம் முன்னோர் ஓலைச் சுவடிகளில் எழுதி வைத்தவற்றுட் பலவற்றைச் செல்லும் தீயும் வெள்ளமும் உண்டொழித்தன. ஏடு சிதையுமுன் வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதும் வழக்கம் நிலவியமையால் எஞ்சியவை எஞ்சின. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, அவ்வாறு எஞ்சிய பிரதிகளே அவர்க்குத் துணை நின்றன. இக்காலத்து ஏடு கணிப்பொறியின் வட்டாகும். அதற்கும் அழிவு உண்டென்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளம் 2001-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குதலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்தினர். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, வழக்கத்திற்கு மாறாக அப்பழைய தளத்திற்கும் ஒரு திருத்தம் வெளியிட்டனர். ஆதலின் இத்தகைய பொறியை இன்றும் வைத்திருப்போர், அதனை இணையத்தோடு சேர்க்காமல் தனித்து வைத்தலே முறை. கோயிற் பண்டாரத்தை நடுத்தெருவில் திறந்து வைப்பார் எவருமிலர் அன்றோ?

எங்கள் தமிழ்த்துறையின் மூலையில் அத்தகைய பொறி ஒன்று உளது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஊர்தோறும் சென்று கேட்டுத் தொகுத்த பழமொழிகளை, ஆண்டு பலவாக அதில் தம் கையாலேயே பதிந்து வைத்திருந்தார். இவ்வாண்டு ஒருநாட் காலை அது வேலை செய்ய மறுத்தது. திரையில் ஒரு நீலநிறம் கண்ணிமைப் பொழுது தோன்றி மறையும். பொறி மீண்டும் தொடங்கும். மீண்டும் நீலம் தோன்றும். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து நோக்கி, "வட்டினை முற்றும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே வழி" என்று கூறிச் சென்றார். பேராசிரியரவர்களிடம் தொலைபேசியிற் கேட்டோம். "தம்பி, அச்சுப் படி ஒன்றுகூட என்னிடம் இல்லையே. குறிப்பேடுகளும் மழையில் நனைந்து போயின" என்றார். அவர் குரல் தழுதழுத்ததை நான் இன்னும் மறந்திலேன்.

நோயையும், நோயின் முதலையும், அது தணியும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவனார் வகுத்த முறை. பொறிக்கும் அம்முறையே பொருந்தும். ஆயினும் இங்கு மருத்துவத்திற்கும் முந்திய கடமை ஒன்று உண்டு, அது படியெடுத்தல். ஆய்வுக்கூட உதவியாளர் துணையோடு வட்டினைக் கழற்றி, நல்ல நிலையிலுள்ள வேறொரு கணிப்பொறியிற் பூட்டினோம். கோப்புகள் யாவும் அழியாமல் இருந்தன. அவற்றை இரண்டு இடங்களிற் படியெடுத்து வைத்த பின்னரே பழைய பொறியைத் தொட்டோம். சீர்செய்யப் புகுந்து உள்ளதையும் இழப்பார் பலர். படி கையிலிருப்பின் அவ்வச்சம் இல்லை.

பின்னர் நோயை நாடினோம். பொறி தொடங்கும் வேளையில் எஃப்8 விசையை அழுத்தின் ஒரு பட்டியல் தோன்றும். பாதுகாப்பு முறையில் தொடங்குதல், இறுதியாக நன்கு இயங்கிய அமைப்பிற்குத் திரும்புதல் ஆகியன அதிலுள்ள மருந்துகள். அவ்விரண்டும் பயன்படவில்லை. பிழை நேரும்போது தானே மீளத் தொடங்குதலைத் தடுக்கும் விருப்பமும் அப்பட்டியலில் உண்டு. அதனைத் தேர்ந்தபின் நீலத்திரை மறையாது நின்றது. அதிற் பூச்சியங்கள் பலவற்றின் இறுதியில் '7பி' என்னும் குறி காணப்பட்டது. இயங்குதளம் தான் இருக்கும் வட்டினையே அணுகமாட்டாது நிற்கிறது என்பது அதன் பொருள். வேறொரு பொறியில் நன்கு திறந்த வட்டு, தன் பொறியிற் திறவாமைக்குக் காரணம் யாது?

காரணம் தொடக்கத் திரையிலேயே எழுதப்பட்டிருந்தது. சேமித்த அமைப்புகள் பிழைபட்டமையால் இயல்பு அமைப்புகள் ஏற்றப்பட்டன என்று ஒரு வரி அங்கே ஓடியது. நாட்காட்டியோ பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தது. தாய்ப்பலகையில் 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நாணயம் போன்றதொரு மின்கலம் உண்டு. மின்சாரம் நின்ற பொழுதும் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது அதுவே. 3 வோல்ட் ஆற்றலுடைய அச்சிறு கலம் வற்றியதும் நாள் மாறியது. வட்டோடு பேசும் முறையும் பழைய ஐ.டி.ஈ. முறையினின்று புதிய ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாறிவிட்டது. எக்ஸ்பி நிறுவு வட்டில் அப்புதிய முறைக்குரிய இயக்கி இல்லை. ஆதலின் தளம் தன் வீட்டு வாயிலை அறியாது திகைத்தது. குற்றம் வட்டிலும் இல்லை, தளத்திலும் இல்லை. கலத்தை மாற்றி, நாளைத் திருத்தி, பழைய முறையை அமைத்தோம், பொறி எழுந்தது.

இவ்வாறே வேறு சில நோய்களும் எளிய முதலுடையன. 'என்.டி.எல்.டி.ஆர். காணவில்லை' என்னும் அறிவிப்புக் கண்டு அஞ்சுவோர், செருகி மறந்த விரற்சேமிப்பி ஏதேனும் உண்டோ என முதலிற் பார்த்தல் வேண்டும். பொறி அதிலிருந்து தொடங்க முயன்று தோற்றிருக்கலாம். சிறிது நேரம் ஓடித் தானே அணையுமாயின், விசிறியிற் படிந்த தூசியால் வெப்பம் மிகுந்திருத்தல் கூடும். இணையத் தளங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டுமாயின் கடிகாரத்தை நோக்குக. நாள் தவறாயின் செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். வட்டிலிருந்து வழக்கமில்லாத ஒலி எழுமாயின் வேறெதுவும் செய்யாது உடனே படியெடுக்க.

பொறி எழுந்தும் எங்கள் பணி முடிந்திலது. படியெடுத்த கோப்புகளைப் புதிய கணிப்பொறியில் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றேனும் தோன்றவில்லை. ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. பேராசிரியர் பயன்படுத்தியது பாமினி என்னும் எழுத்துரு. அம்முறையில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படும். எழுத்துரு இருந்தாலன்றி அதற்குத் தமிழ் வடிவம் இல்லை. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டே இடம் கிடைத்ததெனினும், 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளை ஏற்றது. 2010-இல் ஒருங்குறிக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் எழுதினர்.

பழைய வட்டிலிருந்தே அவ்வெழுத்துருவை எடுத்து நிறுவினோம், தமிழ் தோன்றிற்று. பின்னர் மாற்றி நிரல் ஒன்றால் ஒருங்குறிக்குப் பெயர்த்தோம். பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன் நிற்கும். ஒருங்குறிச் சேமிப்பில் அது பின் நிற்கும். இவ்வரிசையை நிரல் திருத்திற்று. ஆயின் இடையிடையே ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களையும் அது தமிழென்றே எண்ணிப் பொருளற்ற எழுத்துக்களாக்கிவிட்டது. ஆதலின் நாங்கள் மூவர் மாலைதோறும் அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றிருவர் ஒப்புநோக்கினோம். சுவடிப் பதிப்பைப் பற்றி வகுப்பிற் படித்த பாடபேதமும் ஏடெழுதுவோர் பிழையும் என்னவென்பது, அம்மாலைகளிலேதான் எனக்கு உள்ளவாறு விளங்கிற்று.

இதனைப் படிக்கும் அன்பர்காள்! நும் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் இத்தகைய மூத்த பொறிகள் உறங்குதல் கூடும்; அவற்றுள் தந்தையார் எழுதிய கடிதமோ, ஆசிரியர் தொகுத்த அகராதியோ இருத்தல் கூடும். அவை இயங்கும் இன்றே படியெடுமின். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்குப் பெயர்மின். பெயர்த்ததைக் கண்ணால் ஒப்புநோக்குமின். ஓலைக்காலத்து ஏடெழுதுவோர் நமக்குச் செய்த உதவியை, நமக்குப் பின் வருவார்க்கு நாம் செய்தற்குரிய வழி இதுவே.