கூடாரமா, விடுதியா?

ஒரு குடும்பத்தின் உள்ளத்தை அறிய வேண்டுமானால், அது ஒரு சிறு பயணத்திற்குச் செலவுக் கணக்குப் போடும் வேளையில் அதன் அருகே அமர்ந்திருக்க வேண்டும். திருமணக் கணக்கிலும் வீடு கட்டும் கணக்கிலும் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் கலந்துவிடுகிறது. இரண்டு நாள் இன்பப் பயணத்தின் கணக்கில் அந்தக் கலப்பு இல்லை. யார் எதை விரும்புகிறார், யார் எதை விட்டுக்கொடுக்கிறார், யார் ஒன்றும் கேளாமல் அமர்ந்திருக்கிறார் என்பவை அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன. இந்த உண்மையை நாம் குருமடத்தில் கற்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின், ஜெர்மனி நாட்டில், ஒரு சமையலறை மேசையருகே கற்றோம்.

2024-ஆம் ஆண்டின் கோடைக் காலம் அது. அங்குள்ள பங்குத் தந்தையர் விடுமுறையில் செல்லும்போது, அவர்களுக்குப் பதிலாகப் பணியாற்ற நம் நாட்டுக் குருக்கள் சிலர் சென்று வருவதை வாசகர்கள் அறிவீர்கள். அவ்வாறே நாமும் ரூர் ஆற்றுப் பகுதியிலுள்ள ஒரு தொழில் நகரத்திற்குச் சென்றிருந்தோம். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்று நம்மைத் தேடி வந்து இரவு உணவுக்கு அழைத்தது. கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் முறைமாற்றி வேலை செய்பவர். மனைவி மாலை வேளைகளில் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்பவர். பிள்ளைகள் இருவர்: ஒன்பது வயதுச் சிறுமி, ஆறு வயதுச் சிறுவன். இடியப்பமும் சொதியும் உண்டு, தாய்மொழியில் நாலு சொல் பேசியதில், வந்த நாட்டின் அந்நியம் நம்மை விட்டு அகன்றது.

உணவு முடிந்ததும் சிறுமி வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நம் முன் விரித்தாள். ரூஸ்ட் என்னும் ஊரிலுள்ள யூரோப்பா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவின் தாள் அது. ரைன் நதிக்கு அருகே, பிரான்ஸ் எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் ரூஸ்ட். தலைமுறை தலைமுறையாக வண்டிகளும் இராட்டினங்களும் செய்துவந்த மாக் குடும்பத்தார் 1975-இல் அங்கே இப்பூங்காவைத் தொடங்கினர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் தெருக்களும் கோபுரங்களும் அதனுள் சிறு வடிவில் எழுப்பப்பட்டுள்ளன. 2002-இல் திறக்கப்பட்ட ஒரு ரோலர் கோஸ்டர் மட்டும் 73 மீட்டர் உயரமுடையது. வகுப்புத் தோழர்கள் எல்லாரும் போய்வந்துவிட்டதாகவும் தான் மட்டும் போகவில்லை என்றும் சிறுமி கூறினாள். எல்லாரும் என்பது நான்கு பேராகவும் இருக்கலாம். ஆயினும் குழந்தையின் துயரத்தை எண்ணிக்கையால் அளக்க முடியாதன்றோ!

தந்தை ஒரு பள்ளிக் குறிப்பேட்டை எடுத்து வந்தார். ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 800 யூரோ அவரிடம் இருந்தது. இரண்டு நாள் நுழைவுச் சீட்டுகளுக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயது நிரம்பாத சிறார்க்குச் சற்றே குறைவு. அவ்வளவே சலுகை. நானூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம் போய்வர எரிபொருள் செலவும் உண்டு. ஒரே இரவு தங்கி இரண்டாம் நாள் மாலையே திரும்பலாமே என்று நாம் கேட்டோம். நாள் முழுதும் நடந்து களைத்தபின் இரவெல்லாம் கார் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து என்று அவர் மறுத்தார். இரவுப் பணி பார்ப்பவருக்குத் தூக்கத்தின் விலை தெரிந்திருந்தது. ஆகவே இரண்டு இரவுகள். எஞ்சிய சிறு தொகைக்குள் படுக்கையும் உணவும் அடங்க வேண்டும்.

பூங்காவைச் சார்ந்த விடுதிகளின் படங்களைச் சிறுமி காட்டினாள். உரோமையின் கொலோசேயம் போல ஒன்று. கோட்டை போல ஒன்று. 2007-இல் திறக்கப்பட்ட சாந்தா இசபெல் என்னும் விடுதியோ போர்த்துக்கல் நாட்டுத் துறவு மடம் போலவே கட்டப்பட்டது. நாம் சிரித்துவிட்டோம். குருமடத்தின் ஒடுங்கிய அறையில் ஆண்டுக்கணக்கில் காசின்றிப் படுத்தவர் நாம். மடத்தில் உறங்க மக்கள் இவ்வளவு பணம் கொடுப்பார்கள் என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை! விடுதியில் இரண்டு இரவு தங்குவதற்கான தொகை, அவர் சேர்த்த முழுத் தொகைக்கும் அருகில் வந்தது.

மற்றொரு வழி கூடாரம். பூங்காவை அடுத்து, சொந்தக் கூடாரம் அடித்துத் தங்கும் வெளி உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரின் கூம்புக் கூடாரங்கள் போன்றவற்றில் படுக்கை அமைத்தும் வாடகைக்குத் தருகிறார்கள். சிறுவனுக்கு இதைவிட வேறு சொர்க்கம் தேவைப்படவில்லை. சொந்தக் கூடாரமே மலிவு என்றார் தந்தை. ஆயின் கூடாரம், பாய்கள், உறக்கப் பைகள், சிற்றடுப்பு எல்லாவற்றையும் ஒரே பயணத்திற்காக விலைக்கு வாங்கினால் மலிவு என்பது மாயமாய்ப் போய்விடும். பங்கின் சாரணர் குழுவிடம் இவை இருப்பதை நாம் பார்த்திருந்தோம். இரவல் வாங்கித் தருவதாக உற்சாகத்துடன் வாக்களித்தோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். மேசை கிடைத்தால் மேடையாக்கும் பழக்கம் நம்மை விடவில்லை. இஸ்ரயேல் மக்கள் நாற்பது ஆண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்ததையும், அதன் நினைவாக ஆண்டுதோறும் ஏழு நாள்கள் குடில்களில் தங்கி விழா எடுத்ததையும் எடுத்துரைத்தோம். கூடாரம் எளிமையின் பள்ளி என்றும், பிள்ளைகள் அதில் ஓரிரவேனும் படுத்தெழுவது நல்லது என்றும் முடித்தோம்.

அதுவரை வாய் திறவாதிருந்த அப்பெண் மெல்லக் கேட்டார்: “கூடாரத்திலை படுக்கிறதுக்கும் காசு குடுக்கிறதோ, பாதர்?”

எல்லாரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “இரவிலை கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்கோணும்?” என்று கேட்டார். பொதுக் கழிப்பறைக் கட்டடம் இருக்கும், வழியெங்கும் விளக்கு எரியும் என்றோம். “சுத்திவர வேலி இருக்குமோ?” என்றார். பிள்ளைகளின் பாதுகாப்பை எண்ணிக் கேட்கிறார் என்று கருதிய நாம், “அஞ்சாதீர்கள் அம்மா, வேலி இருக்கும், வாயிலில் காவலரும் இருப்பார்கள்” என்று ஆறுதல் கூறினோம். அவர் எழுந்து அடுப்படிக்குச் சென்று, கழுவிய பாத்திரங்களையே மீண்டும் கழுவத் தொடங்கினார்.

கணவர் தாழ்ந்த குரலில், “அவ முகாமிலை இருந்தவ, பாதர். நான் அதை யோசிக்காமல் போட்டன்” என்றார்.

2009-ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளிவந்த மக்கள் இலட்சக்கணக்கில் வவுனியாவை அடுத்த முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டதை நாம் அறிவோம். அவ்வாண்டு ஆகஸ்ட் மழையில் செட்டிகுளம் முகாம்களின் கூடாரங்களுள் வெள்ளம் புகுந்ததையும், டிசம்பர் வரை மக்கள் விருப்பம்போல் வெளியேற இயலாதிருந்ததையும் நாளேடுகளில் படித்தோம். நம் பங்கில் செபித்தோம். உதவிப் பணம் திரட்டி அனுப்பினோம். ஆனால் அம்முகாமிலிருந்த ஒருவர் இரண்டு முழத் தொலைவில் அமர்ந்து நமக்குச் சொதி பரிமாறியபோது, நாம் அவருக்குக் கூடாரத்தின் மேன்மையைப் போதித்துக்கொண்டிருந்தோம்.

சற்று நேரத்தில் அவரே திரும்பி வந்து அமர்ந்தார். “ஏழு மாசம் கூடாரத்திலை இருந்தனான், பாதர். பதினொரு பேர் ஒரு கூடாரத்திலை. ஒருத்தரும் காசு கேட்கேல்லை. வெளியிலை போகத்தான் விடேல்லை” என்றார். அழவில்லை. வேறு ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். சிறுமி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவள் அதுவரை கேட்டறியாத செய்தி என்பது தெளிவாயிற்று. “அப்ப உங்களுக்கு எத்தினை வயசு, அம்மா?” என்றாள். “பதினேழு” என்றார் தாய். சிறுமி கூடாரப் படம் உள்ள பக்கத்தை மடித்து உட்புறமாக வைத்தாள். தம்பி அதை மீண்டும் விரிக்கப் போனபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிரவு நாம் தங்கியிருந்த அறைக்குத் திரும்பி வெகுநேரம் விழித்திருந்தோம். துறவியர் விரும்பி ஏற்கும் எளிமை ஒன்று; மனிதர்மேல் திணிக்கப்படும் இல்லாமை வேறொன்று. இந்த வேறுபாட்டை இறையியல் வகுப்பில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர் நாம். கூடார விழாவைப் பற்றி நாம் சொல்லாமல் விட்ட ஒன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிலத்தின் விளைச்சலைச் சேர்த்து முடித்தபின் கொண்டாடப்படும் விழா அது. வீடும் வயலும் நிறைந்த களஞ்சியமும் உள்ளவன், தன் முன்னோரின் கூடாரத்தை நினைவுகூரும் விழா. பாலை நிலத்தை விட்டு இன்னும் உள்ளத்தால் வெளிவராத ஒருவரை அவ்விழாவுக்கு வா என்று நாம் அழைத்திருந்தோம்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். அவரோ, “அதை விடுங்கோ பாதர், பிள்ளையளுக்கு ஒரு வழி சொல்லுங்கோ” என்றார். மீண்டும் குறிப்பேடு வந்தது. இம்முறை முதலில் அவரைத்தான் கேட்டோம். அவர் விருப்பம் பெரிதன்று. நான்கு சுவர், உள்ளேயே கழிப்பறை, தம் கையாலே பூட்டித் திறக்கும் கதவு. அவ்வளவே. பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் குடும்பங்கள் தம் வீட்டின் ஒரு பகுதியைச் சமையலறையுடன் சுற்றுலாப் பயணியர்க்கு வாடகைக்கு விடுகின்றன. ரூஸ்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அத்தகைய ஒரு சிறு வீடு கிடைத்தது. கூடார வெளியைவிட வாடகை கூடுதல்தான். ஆனால் வெளியே உணவு வாங்குவதில்லை என முடிவாயிற்று. காலைக்கு அவர்களே சமைப்பது, பூங்காவுக்கு ரொட்டியும் கட்டுச்சோறும் எடுத்துச் செல்வது என்று திட்டமிட்டபோது கணக்கு ஒருவாறு ஒத்துவந்தது. சமையல் முழுவதும் மீண்டும் அம்மாவின் தலையில்தானா என்று நாம் கேட்டோம். கணவர் குறிப்பேட்டின் ஓரத்தில், “இரண்டு நாளும் சமையல் நான்” என்று எழுதிக் கையொப்பமிட்டார். சிறுமி சாட்சிக் கையொப்பம் இட்டாள். 800 யூரோவில் 14 யூரோ மிஞ்சியது. அது பனிக்கூழுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

புறப்படும் முன், அப்பூங்காவில் ஃபிரைபூர்க் உயர் மறைமாவட்டமும் பாடன் நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையும் இணைந்து 2005-ஆம் ஆண்டு முதல் ஆன்மீகப் பணி செய்துவருவதை அறிந்து, அங்கே ஒரு செபம் சொல்லி வருமாறு கேட்டுக்கொண்டோம். போதனை எதுவும் செய்யவில்லை.

இரண்டாம் நாள் மாலை கைப்பேசியில் அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது. பின்னணியில் பிள்ளைகளின் கூச்சலும் இசையும் கேட்டன. “பாதர், மகன் கெஞ்சினதாலை அந்தக் கூடாரங்களை ஒருக்காப் பாக்கப் போனனாங்கள். கொஞ்ச நேரம் தள்ளி நிண்டு பாத்தனான். ஒரு பிள்ளை உள்ளையிருந்து ஓடி வந்துது. பேந்து தானா உள்ளை ஓடிப் போச்சுது. ஒருத்தரும் மறிக்கேல்லை.” சிறிது நேரம் மௌனம். “சரி பாதர், வைக்கிறன். அவர் சோறு போட்டுக்கொண்டு நிக்கிறார்.”

அன்பு வாசகர்களே, கோடை விடுமுறைக்கு நீங்களும் எங்கேனும் புறப்படத் திட்டமிடலாம். எங்கே தங்குவது, எதில் சிக்கனம் பிடிப்பது என்ற பேச்சு உங்கள் இல்லத்திலும் எழும். எது மலிவு என்பதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது எளிது. அந்த மலிவின் விலையை வீட்டில் யார் கொடுக்கப் போகிறார் என்பது தாளில் வராது. மேசையில் ஒருவர் பேசாமல் அமர்ந்திருப்பார். சில வேளைகளில் பகடிபோல ஒரு கேள்வி கேட்பார். பேனாவை எடுக்கும் முன் அவர் பக்கம் திரும்பி, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். நாம் அன்று சிரித்துவிட்டோம். நீங்கள் சிரிக்காதீர்கள்.