அடங்கலும் ஜெராக்ஸும்

டர்ட்டி கவ். 2016 அக்டோபரில் ஃபில் ஓஸ்டர் வெளிக்கொண்டுவந்த லினக்ஸ் கெர்னல் ஓட்டை. சுரண்டக்கூடிய வடிவில் 2007 முதலே உள்ளே கிடந்திருக்கிறது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? வி.ஏ.ஓ. ஆபீஸ் அடங்கலை வைத்துப் பார்த்தேன். பார்க்கலாம், கை வைக்கக்கூடாது. எழுதத்தான் வேண்டும் என்றால் ஒரு ஜெராக்ஸ் தருவார்கள். அதில் என்ன கிறுக்கினாலும் மூலத்துக்குச் சேதமில்லை. கெர்னலும் அப்படியே நகல் எடுக்கிறது. எடுத்த கையோடு, வந்தவர் எழுதக் கேட்டார் என்பதை மறந்துவிடுகிறது. இனி படிக்கக் கேட்பவர் போலத்தான் நடத்துகிறது. அந்த இமைப்பொழுதில் யாராவது ஜெராக்ஸை உருவி எறிந்துவிட்டால், மூலத்தையே எடுத்து நீட்டிவிடும். பேனா அடங்கலில் இறங்கும்.

ஒரு த்ரெட் எழுதிக்கொண்டே இருக்கும். இன்னொன்று ‘மேட்வைஸ்’ வழியாக ‘நகல் வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆயிரம் முறை தோற்றாலும் சரி, ஒரு முறை வாய்த்தால் போதும். சாதாரணப் பயனர் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகிவிடுவார்.

திருத்தம் சில வரிகள்தான். எழுதக் கேட்டதை மறக்காதே; நகல் எடுத்ததைத் தனியாகக் குறித்து வை; அது இன்னும் இருக்கிறதா என்று பார்.

என்னை உறுத்துவது வேறு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் மூலப் பிழையை 2005-லேயே சரிசெய்யப் பார்த்தார். எஸ்390 மெயின்ஃபிரேமில் சிக்கல் வரவே அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அன்றைக்கு இது ஏட்டளவு ஆபத்துதான். 2016 திருத்தக் குறிப்பில் அவரே இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.

ஓட்டை பிடிபட்டது இப்படி: ஓஸ்டர் தன் சர்வருக்கு வரும் எச்.டி.டி.பி. போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார். ஊடுருவியவன் ஏற்றிய கோப்பு அதில்தான் சிக்கியது.

2017 செப்டம்பர்: ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலில் ஓடுவதுதான்; இதே ஓட்டையில் நுழையும் ஆண்ட்ராய்டு மால்வேரை ட்ரெண்ட் மைக்ரோ அறிவித்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகள். சிக்கியவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும். கூகுளின் பேட்ச் 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. யார் கைக்கு வந்தது?

நாமக்கல், லாரி பாடி பட்டறை. டீசல் பணம், வாடகை எல்லாம் போனில் வாங்கும் டிரைவர் ஒருவர். அவர் போனின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பாதுகாப்பு பேட்ச்: 2016 ஆகஸ்ட்.

“தட்டித் தட்டிப் பாத்துட்டனுங்க, புதுசா ஒண்ணும் வரலைங்க.”

பேங்க் ஆப்பை அவர் மகளின் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். பழைய போன் இனி பேசுவதற்கு மட்டும்.